காமாலை எழுதாத மனு

“உங்க வீட்ல மொதக் கையெழுத்தே நீதானா? அப்ப எதுல எல்லாம் கையெழுத்துப் போடக் கூடாதுன்னு உனக்கு யாரு சொல்லிக் குடுத்திருப்பா?”

வேலை கேட்டுப் போன அன்று சங்கரலிங்கம் சார் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. ராஜபாளையத்தில், ஒரு துணிக்கடைக்கு மேல் மாடியில் அவருடைய வரி ஆலோசனை அலுவலகம். என் சான்றிதழ்களைக் கடைசித் தாளிலிருந்து முன்னோக்கிப் புரட்டிக்கொண்டிருந்தார். அப்பா, அம்மா இருவருக்கும் கைரேகைதான் என்பதை விண்ணப்பத்தில் பார்த்துவிட்டார். தேவதானத்தில் அடுத்தவர் வயலில் வேலை பார்த்து என்னை பி.காம். படிக்க வைத்தவர்கள் அவர்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் ஏறியது.

“படிச்சுப் பாத்துட்டுப் போடுவேன் சார்” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. மறுநாள் ஒன்பதரைக்கு வரச் சொன்னார்.

ஒன்பது வருடம் அங்கே இருந்தேன். போன மாதம் விலகினேன். இப்படி அனுபவம் எழுதுவது பணி ஓய்வு பெற்றவர்களின் வழக்கம். எனக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. ஆனால் எனக்குப் பிறகு அங்கே சேர்ந்த இரண்டு பெண்கள் “ஏன்க்கா போனீங்க? சார் வைதாரா?” என்று போனில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். வெளியிலும் கதைகள் ஓடுகின்றன. சாரிடம் வரி வேலைக்கு வரும் கட்சிக்காரர்களைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டேன் என்பது ஒன்று. ஒரு தறிக்காரம்மாவிடம் கை நீட்டி வாங்கினேன் என்பது இன்னொன்று. அதனால் நடந்ததை நானே எழுதிவிடுகிறேன்.

முதல் மூன்று வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பில் அடுக்கினேன், ஜெராக்ஸ் எடுத்தேன், ரிட்டர்ன் போடக் கற்றேன், நோட்டீஸுக்குப் பதில் எழுதக் கற்றேன். அபராதத்தைத் தள்ளச் சொல்லும் மனுவில் எந்த வரியைப் படித்ததும் அதிகாரி நிமிர்ந்து பார்ப்பார், எந்த வரியில் தாளை ஓரமாக ஒதுக்குவார் என்பது நாலாவது வருடம் பிடிபட்டது. என் பதில்களைச் சார் திருத்துவது குறைந்துகொண்டே வந்தது. ஆறாவது வருடத்திலிருந்து திருத்தவே இல்லை. அதில் எனக்குப் பெருமை இருந்தது. இப்போதும் இருக்கிறது.

சாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் யாரையும் நம்ப மாட்டார். அதை ஒழுக்கமாகவே வைத்திருந்தார். எந்த ஆவணத்தையும் பின்னாலிருந்துதான் படிப்பார். “ஏமாத்துறவன் கடைசிப் பக்கத்துலதான் ஏமாத்துவான். முதல் பக்கத்துல கும்பிடுவான்” என்பார். வரி அலுவலகத்தில் மனு கொடுத்தால், வாங்குபவர் முன்னால் பக்கங்களைச் சத்தமாக எண்ணுவார். நகலில் முத்திரை விழுந்த பிறகு, முத்திரையில் இருக்கும் தேதியை விரலால் தொட்டுப் படிப்பார். அங்கே யார் டீ கொடுத்தாலும் குடிக்க மாட்டார். கட்சிக்காரரிடம் “கிடைக்கும்”, “முடிஞ்சிரும்” என்ற சொற்கள் அவர் வாயில் வராது. “கேப்போம்” என்பார். அவ்வளவுதான். எங்களையும் அப்படியே பழக்கினார். அவரிடம் வேலை கற்றவள் என்பதால் நானும் அப்படித்தான். வீட்டில் பால்காரர் கணக்கைக்கூட நான் பின்னாலிருந்துதான் பார்ப்பேன்.

அப்படிப்பட்டவரின் அலுவலகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. எங்கள் ஊரில் அநேகமாக எல்லா ஆலோசகர்களிடமும் இருக்கும் வழக்கம்தான். கட்சிக்காரருக்கு ஜி.எஸ்.டி. பதிவு போடும்போது அவருடைய செல் நம்பரைக் கொடுக்க மாட்டோம். அலுவலக நம்பரைக் கொடுப்போம். தறியடியில் சத்தத்தில் நிற்பவரைக் கூப்பிட்டு, “ஓ.டி.பி. வந்திருக்கா, சொல்லுங்க” என்று கேட்டால், அவர் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் நேரம் முடிந்துவிடும். அதனால் எண்பத்து மூன்று பேருக்கும் ஒரே நம்பர். அது ஒரு பட்டன் போனில் இருந்தது. மேசையின் முதல் இழுப்பறை அதற்கு வீடு. இமெயிலும் அலுவலகத்துடையதுதான். அதைத் திறந்துகொடுத்தவர் வேலையை விட்டுப் போனபோது பாஸ்வேர்டும் அவரோடு போய்விட்டது. யாரும் அதைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை.

போன் என் பொறுப்பு. ஒரு கட்டு நோட்டு வைத்திருந்தேன். எந்த நாள், எத்தனை மணி, யாருக்கு ஓ.டி.பி. எடுத்தோம், எடுத்தது யார் என்று ஒவ்வொன்றும் அதில் இருக்கும். சாரே ஒரு முறை அதைப் பார்த்துவிட்டு, “பரவால்ல, கோர்ட்ல காட்டலாம்” என்றார். அவரிடமிருந்து வந்த ஒரே பாராட்டு அது.

கிருஷ்ணம்மாள் அக்கா சத்திரப்பட்டிக்காரர். வீட்டுக்குப் பின்னால் எட்டுத் தறி. அதில் பேண்டேஜுக்கான சல்லாத்துணி நெய்து மொத்தமாக விற்பார். தறியைப் பார்ப்பது வீட்டுக்காரர்; பேச்சு, யாவாரம், பேரம் எல்லாம் அக்கா. ஆறு பெண்கள் அவரிடம் வேலை பார்த்தார்கள். மகளுக்குத் தை மாதம் கல்யாணம் வைத்திருந்தார். ஒரு காலை, மாடிப்படி ஏறும்போதே சத்தம் கேட்டது.

“ஏட்டி மாரீஸ்வரி! என் அக்கவுண்டைப் பூட்டிட்டானுவட்டி!”

வங்கியில் நூலுக்குப் பணம் அனுப்பப் போயிருக்கிறார். வரி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது, கணக்கை முடக்கியாயிற்று என்று மேலாளர் சொல்லியிருக்கிறார். நான் உடனே அவருடைய கணக்கில் ஜி.எஸ்.டி. போர்ட்டலுக்குள் போனேன். மாதாமாதம் ரிட்டர்ன் போடும் பக்கத்தில் எல்லாம் சுத்தமாக இருந்தது. ‘கூடுதல் அறிவிப்புகள்’ என்று தனியாக ஒரு பக்கம் உண்டு. வேலை இல்லாமல் யாரும் அதைத் திறப்பதில்லை. திறந்தேன். ஐந்து கடிதங்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. விளக்கம் கேட்டு நோட்டீஸ். நேரில் வரச் சொல்லி மூன்று நினைவூட்டல். கடைசியில் உத்தரவு. ஒன்றுக்கும் பதில் இல்லாததால், அதிகாரி தானே முடிவு செய்துவிட்டார்.

உத்தரவின் சாரம் இதுதான்: நீங்கள் விற்பது மருத்துவக் கட்டுத்துணி, அதற்குப் பன்னிரண்டு சதவீத வரி, நீங்கள் வெறும் துணி என்று ஐந்து சதவீதமே கட்டியிருக்கிறீர்கள், ஆகவே மீதி வரி, வட்டி, அபராதம்.

“மருந்துத் துணியா?” அக்கா என் நாற்காலியின் பின்னால் நின்றுகொண்டு கத்தினார். “எங்க தறியில எறங்குறது பழுப்புத் துணிட்டி. கஞ்சியும் எண்ணெயுமா இருக்கும். அதைப் புண்ணுல வச்சா புண்ணு சீப் பிடிச்சுப் போகும். வாங்குறவன் கொண்டு போயி வேக வச்சு, வெளுத்து, சுத்தம் பண்ணி அதுக்குப் பொறவுல்லா அது பேண்டேஜு?”

அவர் சொன்னது சரி. ஆனால் அதைச் சொல்ல வேண்டிய நாள் போய்விட்டது. உத்தரவு வந்து மூன்று மாதத்துக்குள் அப்பீல் போட வேண்டும். தவறினால், தக்க காரணம் காட்டி இன்னும் ஒரு மாதம். அதன் பிறகு அப்பீல் அதிகாரிக்கே அதிகாரம் கிடையாது. மூன்று மாதம் தாண்டியதால்தான் வங்கிக்குக் கடிதம் போயிருந்தது. நான் நாட்களை எண்ணினேன். பத்தொன்பது மிச்சம் இருந்தன.

“இது தோத்தா?” என்று கேட்டார் அக்கா.

சார்தான் பதில் சொன்னார். “கேப்போம்.”

“நீங்க கேளுங்க, கேக்காமப் போங்க. தோத்தா எட்டுத் தறியையும் எடைக்குப் போடணும். கல்யாணத்தையும் நிப்பாட்டணும். அதைச் சொல்லுங்க.”

சார் அலமாரியிலிருந்து ஒரு பழைய ஃபைலை எடுத்தார். தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனு. பிரமாணப் பத்திரத்தின் மாதிரி. விற்பனை வரிக் காலத்திலிருந்து இருப்பது. ‘மனுதாரர் மஞ்சள் காமாலையால் பாதிக்கப்பட்டு, பத்தியத்தில் இருந்தபடியால்’ என்று தொடங்கும். நானே அதைப் பத்துப் பதினைந்து பேருக்கு அடித்துக் கொடுத்திருக்கிறேன். கூடவே ஒரு மருத்துவச் சான்றிதழ் வைப்போம். அது எப்படிக் கிடைக்கும் என்று நான் கேட்டதில்லை.

அக்கா வாசித்துப் பார்த்தார். “எனக்கா காமாலை? நாலு மாசத்துக்கு முந்தி எம் மக நிச்சயதார்த்தத்துல நான் ஆடுன ஆட்டம் சொந்தக்காரன் அம்புட்டுப் பேரு ஸ்டேட்டஸ்லயும் கெடக்கு. பொண்ணுக்கு அம்மாவுக்குக் காமாலைன்னு மாப்பிள்ளை வீட்டுக் காதுல விழுந்தா, அந்தச் சம்பந்தம் என்னத்துக்காகும்? அது கெடக்கட்டும். எனக்கு நோட்டீஸ் வரலய்யா. வரலன்னு எழுதுங்க.”

“உனக்கு வரலம்மா. உன் பதிவுல இருக்கிற நம்பருக்கு வந்திருக்கு” என்றார் சார்.

“அது யாரு நம்பரு?”

சார் ஃபைலை மூடி, “ரெண்டு நாள் கழிச்சு வாங்க” என்றார். அக்கா சாரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்தது எனக்குப் புரிந்தது. யாரோ வேண்டுமென்றே மறைத்திருக்கிறார்கள் என்ற அதே சந்தேகம் எனக்கும் இருந்தது. ஆனால் எனக்குச் சார் மேல்.

காரணம் இருந்தது. சில மாதம் முன்பு அக்கா எல்லார் முன்னாலும் சாரிடம், “சும்மா பட்டனைத் தட்டுறதுக்கு எம்புட்டுய்யா கேப்பீரு?” என்று கேட்டுவிட்டுப் பாதி ஃபீஸைத்தான் கொடுத்தார். “பாத்துக்கலாம்மா” என்றார் சார். அவர் பொதுவாகச் சொல்லாத சொல் அது. உத்தரவு வந்த மாதத்தில், என் தங்கை பிரசவத்துக்காக நான் ஒரு வாரம் லீவு. பட்டன் போன் அந்த வாரம் சாருடைய பையில் வீட்டுக்குப் போனது. இப்போது போனை எடுத்துப் பார்த்தால், அந்த வாரத்துக் குறுஞ்செய்தி ஒன்றும் இல்லை. அண்மையில் வந்தவை மட்டும் இருந்தன. உத்தரவைப் பார்த்தபோதும் அவர் அலட்டிக்கொள்ளவில்லை. ஃபைலைத் தேடாமல் ஒரே கையில் எடுத்தார்.

எனக்கு எல்லாம் கூடி வந்தது. வேண்டுமென்றே அழித்திருக்கிறார்.

இரண்டு நாள் அவரைக் கவனித்தேன். யாருடன் போனில் மெதுவாகப் பேசுகிறார், எந்த இழுப்பறையைப் பூட்டுகிறார் என்று பார்த்தேன். ஒன்றரை மணிக்கு அவர் சாப்பிடப் போவார், மூன்று மணிக்குத்தான் வருவார். அந்த நேரத்தில் அவருடைய மேசை நாட்காட்டியைப் புரட்டினேன். அவரிடமிருந்து கற்ற வித்தையை அவர் மேலேயே போட்டுப் பார்த்தேன், வெட்கமாக இல்லை. போன் அவர் கையில் இருந்த தேதிகளை உறுதி செய்துகொள்ளத்தான் என் நோட்டையே திறந்தேன். என் நோட்டில் ஒரு குறை இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

உத்தரவு வந்தது பதினெட்டாம் தேதி. நான் லீவு முடிந்து திரும்பியது இருபதாம் தேதி. ரிட்டர்னுக்குக் கடைசி நாள். அன்றைய பக்கத்தின் தலைப்பில், சிவப்பு மையில், குண்டு குண்டான என் கையெழுத்து: ‘காலை 10.10. மெமரி ஃபுல். எல்லாம் அழித்தாச்சு. — மா.’

அந்தப் பட்டன் போனில் இருநூறு செய்திக்கு மேல் நிற்காது. நிறைந்துவிட்டால் புதிய ஓ.டி.பி. வராது. இருபதாம் தேதி ஓ.டி.பி. வரவில்லை என்றால், எண்பத்து மூன்று பேருக்கும் தாமதக் கட்டணம் விழும். அதனால் காலையில் வந்ததும் ‘எல்லாம் அழி’ என்று ஒரு தட்டு தட்டிவிட்டு வேலையைத் தொடங்குவேன். துறையிலிருந்து வரும் செய்தியில் கடையின் பெயரும் இருக்காது, பதிவு எண் மட்டும்தான். கடன் வேண்டுமா, மனை வேண்டுமா என்று வரும் விளம்பரங்களுக்கு நடுவே அதுவும் கிடக்கும். முந்தைய மாதப் பக்கங்களைப் புரட்டினேன். நோட்டீஸ் வந்த மாதம், இருபதாம் தேதி: ‘அழித்தாச்சு — மா.’ நினைவூட்டல் வந்த மாதங்கள்: ‘மா.’, ‘மா.’

சார் மூன்று மணிக்கு வந்தார். நோட்டை அவர் முன் வைத்தேன். கடைசிப் பக்கத்திலிருந்து புரட்டி வந்தார். அந்தப் பக்கத்தில் விரல் நின்றது.

“இதை யார்கிட்டயாவது காட்டினியா?”

“இல்ல சார்.”

“அந்தம்மா ஏதாவது தாரேன்னு சொல்லுச்சா?”

“சார்!”

“இல்ல, கேக்கணும்ல. தனியா ஆபீஸ் போடப் போறியா? அதுக்கு அச்சாரமா?”

எனக்கு அழுகை வந்தது. அழவில்லை. “நடந்ததை எழுதிருவோம் சார். காமாலை வேண்டாம். அந்தம்மாவும் கையெழுத்துப் போட மாட்டாங்க. மதுரைக்கு வேற வக்கீல்கிட்டப் போனா, அவரு முதல்ல இந்தப் போனைத்தான் கேப்பாரு.”

நோட்டை மூடி என் பக்கம் தள்ளினார். “எழுதினா ஆபீஸ் பேரு வரும்.”

“என் பேரு வரட்டும்.”

அப்போது அதை வீராப்பில் சொன்னேன். பிறகுதான் யோசித்தேன்: அந்தப் பதில் அவருக்கு எவ்வளவு வசதியானது! என் பேரில் கொடுக்க வேண்டிய பிரமாணப் பத்திரத்தில் ‘இது எங்கள் அலுவலகத்தின் வழக்கம்’ என்று நான் எழுதியிருந்த வரியை அடித்துவிட்டு, ‘என் கவனக்குறைவால்’ என்று சேர்த்தார். மூன்று வருடத்துக்குப் பிறகு என் எழுத்தில் அவர் செய்த திருத்தம்.

அக்காவிடம் நானே போய்ச் சொன்னேன். தறிச் சத்தத்தில் முதலில் அவருக்குக் கேட்கவில்லை. இரண்டாவது தடவை கத்திச் சொல்ல வேண்டியதாயிற்று. வேலை பார்த்த ஆறு பெண்களுக்கும் அது கேட்டது.

“நீயா? நீயா அழிச்ச?”

“ஆமாக்கா.”

“எவன் சொல்லி?”

“யாரும் சொல்லலக்கா. போன் நெறஞ்சு போச்சு.”

அவர் நம்பவில்லை. “ஒங்க சாரைக் காப்பாத்துறதுக்கு ஒன்னைய அனுப்பிருக்கான். இல்ல, அவன் மேல பழியப் போடுறதுக்கு நீயா ஏதோ நாடகம் போடுத. ரெண்டுல ஒண்ணு.” வேறு வழி இல்லாததால்தான் அப்பீலுக்குச் சம்மதித்தார். முன்கூட்டிக் கட்ட வேண்டிய பத்தில் ஒரு பங்கு வரிக்காக, மகளுக்கு எடுத்து வைத்திருந்த வளையல் அடகுக்குப் போனது. அதையும் என் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான் போனார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட் வாசலில் நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டேன். அவர் பத்திரத்தை வாசித்துவிட்டு, “ஏம்மா, அடுத்தவங்க செஞ்சதுக்குத்தான் எல்லாரும் இங்க வந்து சத்தியம் பண்ணுவாங்க. நீ செஞ்ச தப்புக்கு நீயேவா? யாரும் மிரட்டலையே?” என்று இரண்டு முறை கேட்டார். கடைசி நாளுக்கு ஆறு நாள் முன்னதாக அப்பீல் உள்ளே போனது.

மதுரையில் விசாரணை. வழியெல்லாம் சார் ஒரே ஒரு விஷயம்தான் பேசினார். “சாட்சிப் பத்திரம் குடுத்தவ வாதாடக் கூடாது. நீ வெளிய இரு. கூப்பிட்டா வா.” துணியை எப்படி நிரூபிப்பது என்று திட்டம் போட்டு, ஒரு பையில் எல்லாவற்றையும் எடுத்து வைத்தவள் நான். பையை வாங்கிக்கொண்டு அவர் உள்ளே போனார். அக்காவும் நானும் ஒரே பெஞ்சில், நடுவில் இரண்டு பேர் உட்காரும் இடம் விட்டு உட்கார்ந்திருந்தோம்.

“உள்ள என்ன சொல்லுவான்?”

“தெரியலக்கா.”

“ஒனக்கே தெரியலையா? நல்லாருக்கு.”

உள்ளே அவர் அந்தக் காமாலை ஃபைலையும் கொண்டுபோயிருப்பாரோ என்று எனக்கு ஓடிக்கொண்டே இருந்தது. பத்து நிமிடத்தில் என்னைக் கூப்பிட்டார்கள்.

அப்பீல் அதிகாரி ஒரு பெண்மணி. ஐம்பது வயதிருக்கும். என் பத்திரத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, தூரத்திலிருந்து பார்ப்பதுபோல் பார்த்தார்.

“உங்க ஊர்க் குடிதண்ணியை ஒருக்கா டெஸ்ட் பண்ணச் சொல்லி எழுதலாம்னு இருந்தேன். அங்கருந்து வர்ற மனு அம்புட்டுலயும் காமாலை. இன்னிக்கு என்ன, புதுசா போன் நெறைஞ்ச கதை? இதையும் அடுத்த வாரத்துலருந்து எல்லாரும் கொண்டு வருவீங்களா?”

“போன் கொண்டு வந்திருக்கேன் மேடம். நோட்டும்.”

அவர் போனை வாங்கிப் பொத்தான்களை அழுத்திப் பார்த்தார். செய்திப் பெட்டியைத் திறந்தார். அவர் கையில் இருக்கும்போதே அது பீப் என்று கத்தியது. திரையில் ‘மெமரி ஃபுல்’. மாதம் பாதிதான் ஆகியிருந்தது. அவர் சிரிக்கவில்லை. நோட்டை எடுத்து, இருபதாம் தேதிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒரே நாளில் உட்கார்ந்து எழுதியதா என்று பார்க்க, பக்கங்களை வெளிச்சத்தில் சாய்த்து மையின் நிறத்தைப் பார்த்தார். எனக்கு அந்த அம்மாவைப் பிடித்துப்போனது.

“உன்னை அழிக்கச் சொன்னது யாரு?”

சார் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

“யாரும் சொல்லல மேடம். யாரும் வேண்டாம்னும் சொல்லல.”

அதிகாரி சாரைப் பார்த்தார். சார் மேசை மேலிருந்த தாள்களின் ஓரத்தைச் சரி செய்தார். பிறகு, “நம்பர் ஆபீஸ் நம்பர்தான், மேடம். எல்லா பார்ட்டிக்கும் அதான்” என்றார். பத்திரத்தில் தானே நீக்கிய வரியைத் தன் வாயால் சொன்னார். அதை அவரிடமிருந்து நான் எதிர்பார்க்கவில்லை. அதிலும் ஏதாவது உள்நோக்கம் இருக்குமா என்று யோசித்தேன். இன்று வரை தெரியவில்லை.

பிறகு சார் பையைத் திறந்தார். ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் ஊற்றினார். தறியிலிருந்து இறங்கிய பழுப்புத் துணியில் ஒரு துண்டை மேலே போட்டார். அது காகிதம் போல மிதந்தது. கஞ்சியும் எண்ணெய்ப் பசையும் இருப்பதால் தண்ணீரை உள்ளே விடாது. இன்னொரு தம்ளரில், மருந்துக்கடையில் வாங்கிய பேண்டேஜ் துண்டு. போட்ட மாத்திரத்தில் நனைந்து, அடியில் போய் உட்கார்ந்தது.

“ரத்தத்தை உறிஞ்சாதது எப்படி மேடம் மருத்துவக் கட்டுத்துணி ஆகும்?” என்றார் சார். நான் எழுதிக் கொடுத்த வாக்கியம். அவர் சொல்லும்போது நன்றாகத்தான் இருந்தது.

அதிகாரி பேனா முனையால் மிதக்கும் துணியை ஒரு முறை அழுத்தினார். அது மறுபடி மேலே வந்தது.

ஆறு வாரம் கழித்து உத்தரவு வந்தது. தாமதம் மன்னிக்கப்பட்டது. பழுப்புத் துணிக்கு ஐந்து சதவீதமே சரி. அதற்கான வட்டியும் அபராதமும் ரத்து. இரண்டு பில்லில் வெளுத்த துணி விற்றிருந்தார்கள். அதற்கு மட்டும் கூடுதல் வரி நின்றது. வங்கிக் கணக்கு திறந்தது. வளையல் கல்யாணத்துக்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிட்டது.

அக்கா அலுவலகத்துக்கு வந்தார். என் முன்னால் நின்று, “என் ஃபைலைக் குடு” என்றார். எடுத்துக் கொடுத்தேன். “என் நம்பரைப் போடு. மொத நம்பரா.” மாற்றிக் கொடுத்தேன். அவர் போனில் ஓ.டி.பி. வந்தது. கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு ஒவ்வோர் இலக்கமாகச் சொன்னார். நேரம் ஒன்றும் முடிந்துவிடவில்லை.

“ஒம் மேல கோவம் இல்லட்டி. நம்பிக்கையும் இல்ல. அழிச்சதும் நீ, ஒத்துக்கிட்டதும் நீ. இதுல எவளை நான் நம்ப?” என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார்.

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. நான் அழித்தது அக்காவின் செய்தியை மட்டுமல்ல. ஒவ்வோர் இருபதாம் தேதியும் இருநூறு செய்தி போயிருக்கிறது. அதில் வேறு யாருடையது இருந்ததோ? இது அன்றைக்கே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். என் பெயரைக் காப்பாற்றிக்கொள்ளும் பரபரப்பில் தோன்றவில்லை. சார் சாப்பிடப் போகும் நேரத்தில், ஒவ்வொருவர் கணக்கிலும் அந்தக் ‘கூடுதல் அறிவிப்புகள்’ பக்கத்தைத் திறந்தேன். எண்பத்து இரண்டையும் பார்த்து முடிக்க எட்டு நாள் ஆனது. இரண்டு உத்தரவுகள் கிடந்தன. ஒன்று, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பாத்திரக்கடை. நாலு மாதம் தாண்டிவிட்டது. இனி உயர் நீதிமன்றம்தான். இன்னொன்று, வத்திராயிருப்பில் ஒரு தேங்காய் நார் வியாபாரி. இன்னும் நாள் இருந்தது.

சாரிடம் சொன்னேன்.

“கேக்காதவங்ககிட்டப் போயி நாமளா சொல்ற வழக்கம் கிடையாதும்மா. அவங்க வரட்டும். பாத்துக்கலாம்.”

“வரும்போது நாள் முடிஞ்சிருக்கும் சார்.”

“ஒரு தடவை உண்மை சொல்லி ஜெயிச்சோம். மூணு தடவை சொன்னா அது உண்மையா இருக்காது. ஒரே ஆபீஸ்ல மூணு பேருக்குப் போன் நெறைஞ்சுதுன்னா எந்த அதிகாரி நம்புவான்? வத்திராயிருப்புக்காரருக்கு வேற காரணம் எழுதுவோம்.”

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அவர் கை அலமாரிப் பக்கம் போனதைப் பார்த்துவிட்டேன். அன்று சாயங்காலம் விலகல் கடிதம் எழுதிக் கொடுத்தேன். பின்னாலிருந்து படிக்க அதில் ஒரே பக்கம்தான் இருந்தது. “தனியா ஆபீஸ் போடத்தானே?” என்றார். இல்லை என்று நான் சத்தியம் செய்யவில்லை. அவருக்கு அது தேவையாகவும் இல்லை.

இதைப் படிக்கும் பெண்களுக்கு நான் சொல்ல வந்தது அவ்வளவுதான். யார் நம்பர் யார் பதிவில் இருக்கிறது என்று நாளைக் காலையே பாருங்கள்.

பாத்திரக்கடைக்காரரிடம், விலகிய அடுத்த திங்கட்கிழமையே சொன்னேன். அவர் என்னைக் கடைக்கு வெளியே நிற்க வைத்தே கேட்டார். சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. மறுநாள் காலை பஸ் ஏறி வத்திராயிருப்புக்குப் போனேன். வியாபாரி நார்க் குவியலுக்குப் பக்கத்தில் நின்று லாரிக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். அறுபது வயது. என்னை அவருக்குத் தெரியாது; எங்கள் அலுவலகத்துக்கு அவர் மகன்தான் வருவார்.

“யாரும்மா? எந்த ஆபீஸ்ல இருந்து?”

“எந்த ஆபீஸும் இல்ல அண்ணாச்சி. ஒங்களுக்கு வந்த வரி நோட்டீஸை அழிச்சவ நான். அப்பீல் போடப் பதினோரு நாள் இருக்கு.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். என் கைப்பையைப் பார்த்தார். எனக்குப் பின்னால் வேறு யாராவது வந்திருக்கிறார்களா என்று சாலையைப் பார்த்தார். பிறகு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் காலால் இழுத்துப் போட்டார். உட்காரச் சொல்லவில்லை.

நான் உட்கார்ந்து, பையைத் திறந்தேன்.